மருந்துப் பலகை தின்ற படகு

மினசோட்டா
ஏப்ரல் 27

அன்பு மகள் மார்னாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, புத்திதான் ஒருவருக்குச் சரியில்லை, அது யார் என்று உனக்கே தெரியும். அலாஸ்காக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் சனிக்கிழமை உன் அப்பா படகை இறக்கி ஒரு சுற்றுப் பார்ப்போம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். கரையிலிருந்து கல்லெறி தூரம் போகவில்லை, கணுக்கால் வரை தண்ணீர். நான் காப்பி டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றுகிறேன், இந்த மனிதர் “கொஞ்சம் ஈரந்தான் ஆர்டித், அப்படி ஒண்ணும் மோசமில்ல” என்கிறார். நீச்சல் தெரியாதவர் பேசுகிற பேச்சா இது? எப்படியோ கரை சேர்ந்து, வாசலில் படகை வைத்து அதன் உள்தரையைப் பெயர்த்தோம். போன கோடையில் அவர் புதிதாகப் போட்ட அதே தரைதான். அடியில் படகின் அலுமினியத் தகடு முழுக்க வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது, உள்ளே டார்ச் அடித்தால் வெளியே பதினோரு இடத்தில் வெளிச்சம் தெரிகிறது.

நீ அன்றைக்கே போனில் படித்துப் படித்துச் சொன்னாய், “அப்பா, உளுத்துப் போகாம இருக்க அந்தப் பலகையில ஏத்தற மருந்துல செம்பு இருக்கு, அது அலுமினியத்தத் தின்னுடும், சாதாப் பிளைவுட்டுக்குப் பெயின்ட் அடிச்சுப் போடுங்க” என்று. விமானத்தைப் பிரித்து மாட்டுகிற பெண் சொன்னால் கேட்க வேண்டாமா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, படகுத்துறை கட்டி மிஞ்சிய மருந்துப் பலகையையே வெட்டி ரிவெட் ஆணி அடித்தார். நானே வந்து போட்டுத் தருகிறேன் என்றாய், வேண்டாம் என்றார். கிறிஸ்துமஸுக்கு, வந்து அதைப் பிடுங்கிவிட்டு மாற்றிப் போடட்டுமா என்று மறுபடி கேட்டாய், “அவ்ளோ தூரத்துலேந்து எதுக்கு வீண் அலைச்சல்” என்றார். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனை வைத்தவள் நான்கு மாதமாக அவரோடு பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் கிடந்து சாகிறேன்.

இப்போது ஓட்டைகளுக்குப் பசை தடவிவிட்டு, மே மாதம் மீன்பிடிப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை தனியாகப் போகிறாராம். ஒன்று மட்டும் சொல்கிறேன். நேற்று நல்ல பிளைவுட் மூன்று வாங்கி வந்து கொட்டகையில் சாத்தியிருக்கிறார், இன்னும் வெட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். “அவ அளவெடுக்கற விதமே வேற” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். அலாஸ்கா போன பன்னிரண்டு வருஷத்தில் ஊர் வழக்கம்கூடவா மறந்துபோகும்? இங்கே ஒரு துண்டு கேக் நீட்டினால்கூட முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம், மூன்றாம் தடவைதான் தட்டை நீட்டுவோம். நீ இரண்டு தடவை கேட்டதோடு நிறுத்திவிட்டாய். அவர் கிறிஸ்துமஸிலிருந்து மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறார், மார்னா.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கையுறை இல்லாமல் வேலை செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பதினொரு மணிக்குக் கூப்பிடு. அவர் எடுக்கிற வரை, போன் மணி எத்தனை முறை அடித்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

எரிச்சலும் அன்புமாக,
உன் அம்மா
ஆர்டித்