நீல முடியும் ஒற்றை பூட்ஸும்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
செப்டம்பர் 14

சிரஞ்சீவி பிரவீணுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை கீதாஞ்சலியும் பெருமாள் புண்ணியத்தில் சௌக்கியம், ஹெல்சின்கியில் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

கீது உனக்கு போட்டோ அனுப்பியிருப்பாள், நம் வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பயந்திருப்பாய், அதில் பாதிக் கதைதான் இருக்கிறது, மீதியை நான் சொன்னால்தான் உண்டு. ஏதோ ஜப்பான் கார்ட்டூனில் வயலின் வாசிக்கிற பெண்ணாம், நீல முடி, கறுப்புக் கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ். அவளைப் போலவே வேஷம் கட்டி, ராத்திரி தெரு விளக்கில் போட்டோ எடுத்து, ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டுமாம். காஸ்ப்ளே என்று பெயராம். கொலுவுக்குக் குழந்தைகளுக்கு கிருஷ்ணர் வேஷம் போடுவோமே அதுதானே என்றேன், ஐயோ அம்மா என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவின் பழைய மழைக்கோட்டைப் பிரித்து நான்தான் தைத்துக் கொடுத்தேன், அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது.

எனக்கு உள்ளூர வேறு ஆசை. இரண்டு வருஷம் முன்னால் தமிழ்ச் சங்கத்து நவராத்திரிக் கச்சேரியில் மோகன வர்ணம் வாசிக்கும்போது சரணத்தில் மறந்துபோய் மேடையிலேயே விக்கித்து உட்கார்ந்தாளே, அன்றைக்கு அலமாரி மேல் ஏறிய வயலின் நான் கெஞ்சியும் அப்பா கத்தியும் கீழே இறங்கவில்லை. வேஷத்துக்காகவாவது இறங்கிற்றே, ஒரு இழுப்பு இழுக்க மாட்டாளா என்று நப்பாசை. இது சும்மா கையில வச்சுக்கத்தான்மா, நீ ஒண்ணும் ஆசைப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

நேற்று ராத்திரி எட்டரைக்கு நம் பாடா க்ளப், அதுதான் நம் பேட்டை க்ளப் வாசலில், துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டார்கள். காவலுக்கு நான், கையில் கொசு பேட். படம் எடுத்தது அவள் ஆபீஸ் சிநேகிதன் சந்தீப். எதிர்வீட்டு வங்காளி மாமி, நம் காக்கிமா, நாற்காலியே கொண்டுவந்துவிட்டாள். வயலினைத் தோளில் வைத்து நின்றாள், அழகாகத்தான் இருந்தது, ஆனால் சந்தீப் உதட்டைப் பிதுக்கினான், விரல் நடிக்கிறது தெரிகிறது, நிஜமாகவே ஏதாவது வாசி என்றான். ஏக்டு பாஜாவோ நா மா, கொஞ்சம் வாசியேன் என்று காக்கிமாவும் சேர்ந்துகொண்டாள். கீது என்னைப் பார்த்தாள், நான் வேண்டுமென்றே மூங்கிலைப் பார்த்தேன். நின்றபடி இழுத்தாள், வில் வழுக்கியது, உட்கார்ந்தே வாசித்த பெண்ணுக்கு நின்று வாசித்து என்ன பழக்கம். சட்டென்று அத்தனை வேஷத்தோடும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வலது காலை நீட்டி வயலின் தலையைக் கணுக்காலில் வைத்தால் பூட்ஸில் நிற்கவில்லை, ச்சே என்று அந்த பூட்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சுருதி சேர்த்து, அதே மோகன வர்ணத்தை எடுத்தாள்.

சரணம் நெருங்க நெருங்க நான் கொசு பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டேன். அதே இடத்தில் நின்றுவிட்டாள். போச்சு, இனி ஜன்மத்துக்கும் தொடமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ சிரித்துவிட்டாள். நீல முடியை ஒதுக்கிவிட்டு, முந்தின வரியிலிருந்து பிடித்து முழுசாக முடித்தாள். தந்தி துருவேறிக் கரகரவென்றுதான் கேட்டது, ஆனாலும் மூங்கில் கட்டுகிறவர்கள்கூடக் கைதட்டினார்கள். நான் பூட்ஸைக் கட்டிக்கொண்டு அழுதேன், சந்தோஷத்துக்கு அழ என்ன வெட்கம்.

வேஷம் அச்சு அசலாக இருக்க வேண்டுமாம், ஒரு கால் வெறுங்காலாக இருந்தால் பரிசு கிடைக்காது என்று சந்தீப் எவ்வளவோ சொன்னான், கீது தரையில் உட்கார்ந்து வாசித்த படத்தைத்தான் போட்டிக்கு அனுப்பினாள். வயலின் இன்னும் கட்டிலில் இருக்கிறது, அப்பா அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார், வாயைத் திறந்தால் காரியம் கெடும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

ராத்திரியில் தயிர் சேர்க்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இரு. டிசம்பரில் வரும்போது சாக்லேட் மூட்டை வேண்டாம், நல்ல வயலின் தந்தி இரண்டு செட் மறக்காமல் வாங்கி வா. நான் கேட்கவில்லை, கீதுதான் எழுதச் சொன்னாள்.

உன் அம்மா,
ஆண்டாள்