பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் அம்மாவுக்கு

ஆள் நிறையாமல் வண்டியைக் கிளப்ப விடாத என் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்க ஆசைதான். கேட்டால், "செத்தவகிட்ட கேக்குற கேள்வியாடி இது" என்று சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முத்து ஊருக்கு வந்துவிட்டுப் போனான். நீ விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நீ எங்கே நிற்கிறாய் என்று தெரிந்துவிட்டது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் அம்மா போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி, உச்சியில் இருக்கும் மெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்கி வருகிறவள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. முழங்கால் மூட்டு இரண்டும் கைவிட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்தாள். "எந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டுடி உக்கார்றது?" என்று நாள் முழுக்கப் புலம்பினாள். திருப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி முத்து, தீபாவளிக்கு வந்தபோது தன் பழைய விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினான். எனக்குத்தான் மாட்டினான். நான் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது அம்மாவின் சொத்தாகிவிட்டது.

உனக்கு நினைவிருக்கிறதா அம்மா, கையில் பிடித்து விளையாடுகிற அந்தப் பட்டன் கருவியை முதன்முதலில் கையில் எப்படிப் பிடித்தாய் என்று? ஏதோ சூடான பாத்திரம் மாதிரி, முந்தானையால் சேர்த்துப் பிடித்தாய்.

அந்த விளையாட்டில் ஒரு பெரிய நகரம் இருக்கிறது. காரில் ஏறி எந்தத் தெருவுக்கும் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் போலீஸ் துரத்தும். சிக்காமல் ஓட வேண்டும். ஓடித் தப்பித்தால்தான் நடுவில் இருக்கிற பாலத்தின் தடுப்பு திறக்கும், நகரத்தின் மறுபாதிக்குப் போகலாம். மறுபாதியில் ஒரு மலை. அதில் வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு, ஓரமெல்லாம் விளக்கு. இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே தெரியும்.

ஓட்டுவதற்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான் முத்து. முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெண்ணைக் காட்டி, "இவ தோட்டத்துக்குப் போறவ மாதிரி இருக்கா, இவளே போதும்" என்றாய். அன்றிலிருந்து அவளை ஒருநாளும் ‘அவள்’ என்று சொன்னதில்லை. நான் வர்றேன், நான் திரும்புறேன், என்னைய மழையில நனைய விட்டுட்டானே என்றுதான் பேச்சு.

அந்த மலையைப் பார்த்த அன்றைக்கு நீ ஒன்று சொன்னாய்.

"இத்தன வருசம் மெட்டுக்குப் போய் வந்தேன். முன்சீட்டுல மேஸ்திரி உக்காருவாரு. நாங்க பின்னாடி. விட்டுட்டு வந்த ரோட்டத்தான் பாப்போம். போடி சின்னதா, சின்னதா, அப்பறம் ஒண்ணுமே இல்லாமப் போகும். வர்ற ரோடு எப்பிடி இருக்கும்னு உக்காந்து பாத்ததே இல்லடி. இந்த மலையிலயாச்சும் முன்னாடி பாத்துக்கிட்டே போகணும்."

நான் விளையாட்டாகக் கேட்டுக்கொண்டேன். நீ விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆனால் உன் வண்டி கிளம்பினால்தானே! காரை எடுத்ததும் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் ஓரங்கட்டிவிட்டு ஹாரன் அடிப்பாய். நடைபாதையில் போகிற வெள்ளைக்காரிகள் பயந்து ஓடுவார்கள்.

"ஏன் ஓடுறாளுக? எடம் இருக்குல்ல?"

"அம்மா, இது உன் கார். நீ மட்டும் போகலாம்."

"இம்புட்டுப் பெரிய வண்டியில ஒருத்தியாவா போவாக? நாலு ஆளு ஏறட்டும், இரு."

போலீஸ் விஷயம் அதைவிட மோசம். பின்னால் சைரன் கேட்டதும் மரியாதையாக ஓரம் கட்டுவாய். "ஓடும்மா, ஓடு!" என்று நான் கத்துவேன். "ஓடுனாத்தான் என்னமோ செஞ்சுட்டோம்னு நெனப்பான். நிறுத்துனா ரெண்டு வார்த்த கேட்டுட்டு விட்டுருவான்" என்பாய். கையில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போவான். கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் நிற்பாய். "பாத்தியா, விட்டுட்டான். தங்கமான போலீஸு" என்று அவனுக்கு நற்சான்று வேறு.

நான் ஓட்டித் தப்பித்துக் காட்டுகிறேன் என்றால் கருவியைத் தரமாட்டாய். "நீ போயி நான் போனதா ஆகுமா? நானே போறேன்." முத்து போனில் சொன்னாலும் அதே பதில்தான். பிடிவாதத்தில் உன்னை அடித்துக்கொள்ள இந்தத் தேனி மாவட்டத்தில் ஆள் கிடையாது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. நெஞ்சைப் பிடிக்கிறது என்றாய். ஆட்டோவில் ஏறும்போதுகூட, "டிவிய அமத்திட்டியா?" என்று கேட்டாய். அமர்த்திவிட்டேன் அம்மா. அப்புறம் அதை நான் போடவே இல்லை. அப்பா படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்டினோம். டிவியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். நீ அந்த மலையில் ஏறாமலே போய்விட்டாய் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. எத்தனையோ பெரிய பெரிய ஆசைகள் உனக்கு இருந்திருக்கும். எனக்கு இது ஒன்றுதான் அறுத்தது.

முத்து வந்தது நல்ல மழை நாளில். மத்தியானச் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. அவன்தான் எழுந்து துணியை எடுத்தான். "போட்டுப் பாப்பமாக்கா?" என்றான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டான்.

அங்கேயும் மழை. வெளியே பெய்கிறதா, உள்ளே பெய்கிறதா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. நீ கடைசியாக விட்ட இடத்திலேயே விளையாட்டு திறந்தது. ஒரு ரோட்டு வளைவில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே, அந்த முழுக்கைச் சட்டையோடு நீ நின்றுகொண்டிருந்தாய். தனியாக. கார் இல்லை.

"கார எங்கக்கா காணோம்?" என்று முத்து திரையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். திடீரென்று நிறுத்திவிட்டான். "இது எப்பிடிக்கா? இது அந்தப் பக்கம்ல!"

ஆமாம் அம்மா. நீ பாலத்தைத் தாண்டியிருந்தாய். தூரத்தில் தடுப்பு மூடியபடியே இருந்தது. அதற்கு அப்பால், பழைய பக்கத்தில், உன் கார் ஓரமாக, ஒழுங்காக நின்றது. தடுப்புக்கும் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து இருந்ததை முத்து கண்டுபிடித்தான். வண்டிக்குத்தான் தடுப்பு. நடந்து போகிறவளை யாரும் கேட்கவில்லை.

"யாருமே இப்பிடி விளையாட மாட்டாங்கக்கா" என்றான். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து, அது எப்போது அழுகையானது என்று தெரியாமல் அழுதேன்.

மலைக்குப் போகிற ஜீப்பில் கணக்குக்கு மேல்தான் ஆள் ஏற்றுவார்கள். செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் நிறுத்திப் பாதிப் பேரை இறக்கிவிடுவார்கள். இறங்கினவர்கள் தூக்குவாளியோடு, ஏதோ கோயிலுக்குப் போகிறவர்கள் போல, செக்போஸ்டை நடந்து தாண்டி அடுத்த வளைவில் போய் நிற்க வேண்டும். வண்டி பின்னால் வந்து ஏற்றிக்கொள்ளும். நீ எப்போதும் இறங்குகிற கூட்டத்தில்தான் இருந்தாய்.

பாலத்தில் தடுப்பைப் பார்த்ததும் நீ இறங்கிவிட்டாய். நடந்து தாண்டிவிட்டாய். வளைவில் போய் நின்று, வண்டி வரும் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அம்மா, ஓட்டினதும் நீதான், இறங்கி நடந்ததும் நீதான். வண்டியை யாரம்மா கொண்டுவருவார்கள்?

முத்து, "அங்கன போற காரு ஒண்ணப் புடுங்கிட்டா அஞ்சு நிமிசத்துல அம்மாவ உச்சிக்குக் கொண்டுபோயிருவேன்" என்றான். இந்த விளையாட்டில் அது சகஜமாம்.

"அடுத்தவன் வண்டியப் புடுங்குறதுக்கா அம்மா இம்புட்டுத் தூரம் போலீசுக்கு மரியாத குடுத்துச்சு? கைய எடுறா" என்றேன். எடுத்துவிட்டான். மறுநாள் ஊருக்கும் போய்விட்டான்.

அதற்குப் பிறகு கடை விட்டு வந்ததும் டிவியைப் போடுவேன். உன்னைப் பார்ப்பேன். ஒரு பட்டனையும் அமுக்கமாட்டேன். அந்த ஊரில் சீக்கிரம் சீக்கிரம் பொழுது போகும். வெயில் வரும், மழை வரும், விளக்கெரியும், மறுபடி விடியும். யார் யாரோ குடை பிடித்துக்கொண்டு உன்னைத் தாண்டிப் போவார்கள். நீ காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு பாலத்தையே பார்ப்பாய். அரைத் தூக்கத்தில் பார்க்கும்போது அந்த விளக்குக் கம்பம் நம் மெட்டு ரோட்டுச் சில்வர் ஓக் மரமாகத் தெரியும். ஏலக்காய் வாசம்கூட வரும். உனக்குக் கால் வலிக்காதா? எத்தனை நேரம் நிற்பாய்? நகர்த்தினால் உன் பயணத்தில் கை வைத்தவள் ஆவேன். நகர்த்தாவிட்டால் இல்லாத வண்டிக்காக உன்னை நிற்க வைத்தவள் ஆவேன். இரண்டும் எனக்குப் பாவமாகப் பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சி சித்தி வந்தாள். உன் கூடவே தோட்டத்துக்கு வந்தவள், உனக்கு எப்போதும் ஜீப்பில் தூக்குவாளியை வைத்து இடம் பிடித்துவைப்பவள். தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைக்கிறார்களாம். "ஒங்காத்தா போனதுலயிருந்து நீ மலப்பக்கமே வரலயே புள்ள. கெளம்பு வெரசா" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஜீப்பில் பின்னால்தான் உட்கார்ந்தேன். நீ சொன்னது சரிதான். போடி சின்னதானது, இன்னும் சின்னதானது, ஒரு வளைவில் ஒன்றுமே இல்லாமல் போனது. எங்கே போகிறோம் என்று தெரியாமல், எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறுவது எத்தனை கஷ்டம் அம்மா.

மெட்டு வருவதற்கு முன்னால் டிரைவர் நிறுத்தினார். "தாயி, கொஞ்சப் பேரு எறங்கிக்கங்க. அங்கிட்டு வந்து ஏத்திக்கிறேன்." பேச்சி சித்தியோடு நானும் இறங்கினேன். செக்போஸ்டை நடந்து தாண்டினோம். அடுத்த வளைவில் போய் நின்றோம். பனி மூடிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நிற்கிறவள் முகம்கூடத் தெரியவில்லை. எல்லோரும் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்த வளைவை ஏற்கெனவே பார்த்த மாதிரி இருந்தது. கம்பம் இருக்கிறதா என்றுகூடத் தேடினேன்.

வண்டி வரவில்லை.

"வரலேன்னா என்ன சித்தி செய்வீங்க?" என்று கேட்டேன்.

"வரும் வரும். ஒருவாட்டி வரல. செக்போஸ்ட்டுல வண்டியப் புடிச்சு வச்சுக்கிட்டாக. நாங்கல்லாம் இந்தா, இந்த எடத்துலதான் ஆந்த மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னோம். ஒங்காத்தாதான், ‘நின்னுக்கிட்டே இருந்தா தோட்டமா எந்திரிச்சு வரும்?’னு கேட்டுப்புட்டு விறுவிறுன்னு முன்னால நடந்தா."

"அப்புறம்?"

"அப்பறம் என்ன, நாங்களும் அவ பின்னாலயே நடந்தோம். அன்னைக்கு அவ திரும்பியே பாக்கல புள்ள. என்னமோ கல்யாணத்துக்குப் போறவ மாதிரி போனா."

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே அம்மா. வர்ற ரோட்டை உட்கார்ந்து பார்த்ததில்லை என்றுதான் சொன்னாய். நடந்து பார்த்திருக்கிறாயே.

கொஞ்ச நேரத்தில் ஜீப்பின் மஞ்சள் விளக்கு பனிக்குள்ளிருந்து வந்தது. ஏறிக்கொண்டோம். பேச்சி சித்தி பழக்கத்தில் தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்து இடம் பிடித்தாள். பிறகு அவளாகவே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கை கால்கூடக் கழுவாமல் டிவியைப் போட்டேன். நீ நின்றுகொண்டிருந்தாய். பாலத்தைப் பார்த்துக்கொண்டு.

"நின்னுக்கிட்டே இருந்தா மலையா எந்திரிச்சு வரும்?" என்று உன்னிடம் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். பிறகு கருவியை எடுத்து, முந்தானையால் சேர்த்துப் பிடித்து, அதிலிருக்கும் குமிழை மெதுவாக ஒரு பக்கம் தள்ளினேன்.

நீ திரும்பினாய்.

ரோடு முழுக்க உன் முன்னால் கிடந்தது அம்மா. ஈரமாக, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு, வளைந்து, மறைந்து, மேலே இன்னொரு வளைவில் மறுபடி தெரிந்துகொண்டு. நீ ஒரு அடி எடுத்து வைத்தாய்.

தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறோம். உன் மூட்டு வலியைப் பார்த்துத்தான் நடக்க வைக்கிறேன். ஓட விடமாட்டேன், யார் வண்டியையும் பிடுங்கமாட்டேன், போலீஸ் வந்தால் மரியாதையாக நிற்போம். வராத வண்டிக்காக இனி உன்னை எந்த வளைவிலும் நிற்க வைக்கமாட்டேன். இது சத்தியம். இந்த விளையாட்டில் எனக்கு உன் முகம் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரிகிறது. இருக்கட்டும். வருகிற ரோட்டை நீ பார், உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பின்னாலேயே நடந்து வரும்
உன் மகள்,
செல்வி