கறுப்புச் சட்டையா, மஞ்சள் கைச் சட்டையா

மாசி 5, 1985. செவ்வாய்

காலையில் பனி. காற்று இல்லை. தண்ணீர் தெளிவு. கடலட்டை நாற்பதுக்கு மேல்.

எட்டு மணிக்கு முன்பே விரல்கள் விறைத்துவிட்டன. கடைசியாக மூழ்கியபோது இடது கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டரைப் பாக ஆழத்தில், பதினைந்தடி. ஒற்றைக் காலால் உந்தி மேலே வந்தேன். மைத்துனன் அந்தோனி வள்ளத்திலிருந்து குனிந்து தலைமயிரைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கொப்பியில் இன்று எழுத ஆளில்லை.

வீட்டில் சொல்லாதே என்றேன். அவன் தன் அக்காவிடம் எதைத்தான் சொல்லாமல் விட்டான்? நான் கால் கழுவி முடிக்குமுன் ரெஜினாவுக்கு முழுக் கதையும் தெரியும்.

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சு வீடு எங்களுக்கு ஏது? என்னைத்தான் துளைக்கிறது.

வாங்க: மண்ணெண்ணெய். தைலம். முகக் கண்ணாடிக்கு ரப்பர் பட்டி.

மாசி 6. புதன்

இருமல். கடல் இல்லை. ரெஜினா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் சளி. இன்னொரு தடவை இப்படிக் குளிர் பிடித்தால் நெஞ்சு தாங்காது என்று டொக்டர். குளிராமல் அட்டை பிடிப்பது எப்படி என்று கேட்டேன். சிரிக்கவில்லை அந்த மனிதர்.

கிழக்குக் கரையில் வெள்ளைக்காரர் விட்டுப்போன, கடலில் குளிராமல் மூழ்க உடம்பு முழுக்கப் போடும் ரப்பர் சட்டை இரண்டு பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடைக்கு வந்திருக்கிறதாம். அந்தோனி கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

மாசி 9. சனி

மூன்று பேருமாகப் பட்டணம். பஸ்ஸில் நின்றபடி.

ஒன்று முழுக் கறுப்பு. நல்ல தடிப்பு. எனக்கென்றே அளவெடுத்தது போல. முழங்காலில் ஒரு கிழிசல், ஒட்டலாம்.

மற்றது நீலம், கை இரண்டும் மஞ்சள். கொஞ்சம் மெல்லியது, ஆனால் புதிது மாதிரி. போட்டுப் பார்த்தேன், ஏறியது. நெஞ்சில் மட்டும் இரண்டு புடைப்பு, உள்ளே ஒன்றுமில்லாமல். கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

அந்தோனி கதிரையில் இருந்துவிட்டான். “உது பொம்பிளையளின்ரை சட்டை அத்தான். உதைப் போட்டியளெண்டா நான் துடுப்புப் பிடிக்கமாட்டன்.”

ரெஜினா சிரிக்கவில்லை. மஞ்சளை எடுக்கச் சொன்னாள். “தூரத்திலை தெரியும். இந்தக் காலத்திலை கடல்லை தெரியிறதுதான் நல்லம்.” புடைப்பைத் தானே வெட்டி ஒட்டித் தருவாளாம்.

தடிப்புத்தான் முக்கியம் என்றேன். கறுப்பை எடுத்தேன். தடிப்பும் காரணம்தான். ஆனால் கரை முழுக்க எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, அது என் பிள்ளைகள் வரைக்கும் போகும் என்பதுதான் பெரிய காரணம். குருநகரில் பட்டப்பெயர் ஞானஸ்நானப் பெயரை விழுங்கிவிடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாசி 10. ஞாயிறு

பூசை. இன்று கடலுக்குப் போவதில்லை. பின்னேரம் அறையைப் பூட்டிக்கொண்டு சட்டையைப் போட்டுப் பழகினேன். அரை டின் பவுடர் முடிந்தது. கழற்ற ரெஜினாவைக் கூப்பிடவேண்டியதாகிவிட்டது. அப்போது மட்டும் சிரித்தாள்.

மாசி 11. திங்கள்

வெட்கக்கேடு. சட்டை மூழ்க விடவில்லை. தலைகீழாகக் குத்தினாலும் தக்கை மாதிரி மேலே தூக்கி எறிகிறது. இருபது வருடம் சுழியோடியவன் இடுப்பளவு தண்ணீரில் மல்லாந்து கிடந்தேன். அந்தோனிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல். கடலுக்கே அத்தானைப் பிடிக்கவில்லையாம்.

பாரம் கட்டவேண்டும்.

மாசி 12. செவ்வாய்

பழைய வலையிலிருந்து ஈயக் குண்டுகளைக் கழற்றினேன். ரெஜினா தடித்த துணியில் சின்னச் சின்னப் பையாக வரிசைக்குத் தைத்துத் தந்தாள். ஒவ்வொரு பையிலும் ஒரு குண்டு. இடுப்பில் கட்டி, முன்னால் ஒரே இழுவையில் அவிழும் முடிச்சு. கட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்கு முகம் மாறிவிட்டது. தோட்டாப் பட்டி மாதிரி இருக்கிறது என்றாள். விசர்க்கதை கதையாதை என்று ஏசினேன். நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

பிறகு முதுகில் சிவப்புத் துணி ஒன்றைச் சைக்கிள் கடைச் சொலூசனால் ஒட்டிவிட்டாள்.

மாசி 13. புதன்

மூழ்கியது! கதகதப்பு. முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக மாசிக் கடலில் பல் அடிக்கவில்லை. அட்டை அறுபத்தைந்து. சிவப்புத் துணி அரை மணி நேரத்தில் உரிந்து போய்விட்டது. நாளை வேறு ஒட்டலாம்.

மாசி 14. வியாழன்

பக்கத்துக் கரையில் இரண்டு பேரை நேவியின் ரோந்துப் படகு மறித்து, கையைத் தூக்கியபடி வள்ளத்தில் வெகுநேரம் நிற்க வைத்ததாம். கரையில் எல்லோருக்கும் இதே கதை.

அந்தோனியும் நானும் பேசி வைத்தது: எஞ்சின் சத்தம் கேட்டால் துடுப்பால் வள்ளத்தில் மூன்று தட்டு. உடனே நான் கையைத் தூக்கிக்கொண்டு மேலே வரவேண்டும். ஒளிக்கக் கூடாது. ஒளித்தால்தான் ஆபத்து.

உயிர்த்த ஞாயிறு முடிய அவனுக்குக் கலியாணம். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் வாய் மூடிவிடும். அவனும் வெட்கப்படுவான் என்று இப்போதுதான் தெரிகிறது.

துணி ஒட்டவில்லை. சொலூசன் முடிந்துவிட்டது.

மாசி 15. வெள்ளி

ஒழுங்காக எழுதவேண்டும்.

காலை ஏழரை இருக்கும். அடியில் இருந்தேன். எஞ்சின் சத்தம். தட்டு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மூச்சு முட்ட, படகுக்கு மறுபக்கமாக வள்ளத்தின் ஓரத்தில் மூக்கை மட்டும் வெளியே விட்டேன். அங்கிருந்து என்னை அவர்களுக்குத் தெரியாது. படகில் ஒருவன் அரைகுறைத் தமிழில் எத்தனை பேர் என்று விசாரித்தது கேட்டது.

“நான் மட்டும்தான் ஐயா. தனிய வந்தனான்.”

அந்தோனியின் குரல். கறுப்புச் சட்டையைக் கண்டால் இயக்கக்காரன் என்று சுட்டுவிடுவார்கள் என்று பயந்திருக்கிறான். நிறைய மூச்செடுத்துக்கொண்டு திரும்ப மூழ்கினேன்.

பிறகு மேலே வந்தேன். அவர்கள் திரும்பிப் போகத் தொடங்கியிருந்தார்கள். பத்துப் பாகத் தூரம் கூட இல்லை. ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

துவக்குக் குழல்கள் என் பக்கம் திரும்பின. கையைத் தூக்கினேன். படகில் ஏற்றினார்கள். சட்டையைக் கத்தியால் கிழித்துக் கழற்றினார்கள். உள்ளே ஒன்றும் போட்டிருக்கவில்லை. வலைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். அட்டைகளைப் பார்த்து ஒருவன் முகம் சுளித்தான். நான் அட்டை பிடிக்கிறவன் என்று நம்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் தமிழ் தெரிந்தவன் என்னை வள்ளத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னான்: “நீ போ. பொய் சொன்னவன் வரட்டும்.”

அந்தோனி என்னைப் பார்க்கவேயில்லை. சாரத்தை மட்டும் அவிழ்த்து எனக்கு எறிந்தான். உள்ளே அரைக் காற்சட்டை போட்டிருந்தான்.

தனியே வலித்துக்கொண்டு வந்தேன்.

மாசி 16. சனி

பங்குச் சுவாமி விசாரிக்கப் போயிருக்கிறார். மத்தியானம் வரை செய்தி இல்லை. பெண் வீட்டார் வந்து முற்றத்தில் இருக்கிறார்கள். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

ரெஜினா சற்று முன் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“அவன் தனிய எண்டு சொன்னவன். அது உங்களுக்குக் கேட்டது. பிறகு ஏன் மேலை வந்தனீங்கள்?”

மூச்சு முடிஞ்சுது என்றேன்.

பிறகு என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள்.

மூச்சு இருந்தது. மூழ்கிக் கொஞ்ச நேரந்தான். இடுப்புப் பட்டியைக் கண்டால் தோட்டா என்று நினைத்துச் சுடுவார்கள் என்ற பயத்தில் முடிச்சை இழுத்தேன். பட்டி கழன்றது. சட்டை என்னை மேலே எறிந்துவிட்டது. பட்டி இருந்திருந்தால் இன்னும் நாற்பது எண்ணும்வரை அடியில் இருந்திருப்பேன்.