வண்டியைத் திருப்பி அனுப்பிய மே மாதம்

மே 12, திங்கள்

காலை ஏழுக்கே கத்திரி வெயில். கடல்காற்று பதினொன்றரைக்குத்தான்.

நாளை கூரை கான்கிரீட். கத்திவாக்கம் மீன் ஏலக்கூடத்துக்குக் குவாலிட்டி இன்ஜினியராக வந்து எட்டு மாதம். இதுதான் பெரிய நாள்.

இன்று பார்த்தது:
- சென்ட்ரிங் பலகை இடுக்குகள். மூன்று இடத்தில் ஓட்டை. அடைத்தாயிற்று.
- கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் கவர் பிளாக். பதினோரு இடத்தில் நகர்ந்திருந்தது. திரும்ப வைக்கச் சொன்னேன்.
- முட்டுக் கால்கள். சரி.
- ஸ்கூட்டி பின் டயரில் காற்று இல்லை. (இதை யார் சரிபார்ப்பது.)

மேஸ்திரி எத்திராஜ் அண்ணனுக்கு எரிச்சல். "மேடம், நீ ஒவ்வொரு சந்துலயும் விரல வுட்டுப் பாத்துக்கினு இருந்தா பொழுது பூட்டும்." முனகிக்கொண்டே பதினொன்றையும் அவரே வைத்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

சாயங்காலம் கன்னியம்மா அக்கா. மீன் விற்கிறவர். இப்போது எல்லாரும் ரோட்டோரம் வெயிலில்தான் உட்கார்ந்து விற்கிறார்கள். "தட முடிஞ்சி போட்டெல்லாம் கடலுக்குப் போறதுக்குள்ள கூர போட்ருவீங்களா பாப்பா?" மீன்பிடித் தடைக்காலம் ஜூன் பாதி வரை. போட்டுவிடுவோம் அக்கா என்றேன்.

மே 13, செவ்வாய்

சாப்பிடவில்லை. எழுதினால்தான் மனசு அடங்கும்.

முதல் கான்கிரீட் வண்டி பத்து மணிக்கு வர வேண்டியது. வந்தது 12.40. சீட்டில் கலவை ஏற்றிய நேரம் 9.05. இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும் என்பது விதி. இது மூன்றரை மணி நேரம். இந்த வெயிலில் அதற்குள் பாதி இறுகியிருக்க வேண்டும். ஆனால் வண்டியின் சரிவுத் தகட்டில் பளபளவென்று வழுக்கி வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. வழியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

கலவையின் கெட்டியைச் சோதிக்கும் இரும்புக் கூம்பில் நிரப்பித் தூக்கிப் பார்த்தேன். கொஞ்சம் அமுங்கி நிற்க வேண்டும். கூழ் மாதிரி தட்டில் பரவி ஓரத்தில் தண்ணீர் கசிந்தது.

"இறக்காதீங்க" என்றேன்.

மேலே பம்ப் குழாயைப் பிடித்தபடி இருபது பேர். பம்ப் இன்றைக்கு மட்டும் வாடகைக்கு. பின்னால் இன்னும் இரண்டு வண்டி, அதே கதை. ப்ராஜெக்ட் மேனேஜர் ராஜசேகர் சார் ஓடி வந்தார்.

"தேன்மொழி, கொஞ்சம் சிமென்ட் சேர்த்துச் சுத்தவிட்டா சரியாயிடாதா?"

"ஆகாது சார். எவ்வளவு தண்ணி ஊத்தினாங்கன்னே தெரியாது."

"இன்னிக்கு விட்டா பம்ப் அடுத்து எப்போ கிடைக்கும்னு தெரியுமா? நீங்க குவாலிட்டி பாக்குறீங்களா, வேலைய நிறுத்துறீங்களா?"

 சீட்டின் மேல் "நிராகரிப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணல்.

திருப்பி அனுப்பும் முன் அந்தக் கலவையில் ஆறு கியூப் அச்சு வார்த்து வைத்தேன். எ. அண்ணன் பார்த்துவிட்டு, "தூக்கிப் போடுற கலவைக்கு எதுக்கு மேடம் அச்சு?" ஏழாம் நாள் உடைத்துப் பார்க்க, அண்ணே என்றேன். வேண்டாம் என்று சொன்னால் போதாது, ஏன் என்றும் காட்ட வேண்டும்.

சார் பம்பைத் திருப்பி அனுப்பப் போனார்.

வீடு, எம்.கே.பி. நகர். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மோர் கொடுத்தாள். பிறகு கேட்டாள், சொன்னேன். "அதுக்கு இன்னா இப்போ. வேலய வுட்டுத் தூக்கிடுவானா? தூக்கினா தூக்கட்டும்." முன்பு நாங்கள் இருந்த குடியிருப்பில் தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டித்தான் தூங்குவோம். மழைக்காக அல்ல. தளத்துக் காரை பெயர்ந்து விழும், அதற்காக. தங்கச்சி நெற்றியில் இன்னும் தழும்பு.  

மே 14, புதன்

கன்டெய்னர் ஆபீசில் கூட்டம். ஏ.சி. வேலை செய்யவில்லை. ஆறு பேர், ஒரு மின்விசிறி.

சார் கேட்டது ஒன்றுதான்: "வேண்டாம்னு சொல்லிட்டீங்க. சரி. அடுத்த தடவையும் இதே மாதிரி வந்தா?"

 "டிரைவர் அலட்சியம்" என்று அறிக்கை எழுதிக் கையில் வைத்திருந்தேன். அதை நீட்டும்போதே அது போதாது என்று எனக்கே தோன்றியது. மூன்று டிரைவரும் ஒரே நாளில் அலட்சியமா?

நாளைக்குக் கலவை போடும் ப்ளாண்டிலிருந்து ஒரு வண்டியின் பின்னாலேயே வருகிறேன் என்றேன். சார் சொன்னது: "ஹெல்மெட் போட்டுக்கிட்டு போங்க." அவ்வளவுதான்.

கோபக்காரர், கெட்டவர் இல்லை.

மே 15, வியாழன்

வெயில் தலையைப் பிளந்தது. முகம், கழுத்தெல்லாம் சிமென்ட் தூசு.

மாதவரம் பக்கத்து ப்ளாண்ட். எண்ணூரில் வேறொரு வேலைக்குப் போகிற வண்டி. டிரைவர் முருகேசன். செவ்வாயன்று நான் திருப்பி அனுப்பிய முதல் வண்டியும் இவருடையதுதான். என்னைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

குறித்தவை:
9.20 கலவை ஏற்றியாயிற்று.
10.05 இன்னும் ப்ளாண்ட் கேட்டில். முன்னால் நான்கு வண்டி. எல்லாவற்றையும் ஒன்றாக நிரப்பி வரிசையில் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சீட்டு கொடுக்கிறார்கள்.
10.50 மணலி தாண்டி.
11.05 எர்ணாவூர். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை. நின்றது.
12.10 அதே இடம்.

லாரி நிழலில் நின்று பேசினோம். அவர் தந்த தண்ணீர் பாட்டில் வெந்நீர்.

"மேடம், ட்ரம்முக்குள்ள கலவ இறுகிச்சின்னா யாரு ஒடைக்கணும்னு நினைக்கிற? நான்தான். சுத்தியல எடுத்துக்கினு உள்ள எறங்கணும். போன வருஷம் ஒரு நாள் பூரா ஒடைச்சேன். காது ரெண்டு வாரம் கேக்கல. தண்ணி ஊத்தாம இன்னா பண்றது, சொல்லு."



ஆபீசுக்கு வந்ததும் "டிரைவர் அலட்சியம்" அறிக்கையைக் கிழித்தேன். தப்பு தண்ணீரில் இல்லை. காலை பத்து மணி என்று நாங்கள் எழுதிய அட்டவணையில். எழுதி முடித்துச் சரிபார்க்கக் கூப்பிட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். நேரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கலவை, கம்பி, கூம்பு, இவைதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

மே 16, வெள்ளி

புதுத் திட்டம். ஒரே பக்கம். சாருக்குப் பத்துப் பக்கம் கொடுத்தால் படிக்க மாட்டார்.

1. மே 25, ஞாயிறு விடியற்காலை ஐந்துக்கு ஆரம்பம். பம்ப் அன்றைக்குத்தான் காலி. லாரி வரிசை குறைவு.
2. முந்தைய வண்டி இங்கே இறக்க ஆரம்பித்தாயிற்று என்று நான் போன் செய்த பிறகுதான் அங்கே அடுத்ததை ஏற்ற வேண்டும்.
3. மெதுவாக இறுகுவதற்கான மருந்து, வெயிலுக்கு ஏற்ற அளவில்.
4. கலவை இறுகிவிடும் என்று பயந்தால் டிரைவர் எனக்கு போன் செய்யலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது. இறுகினால் உடைக்கும் பொறுப்பு ப்ளாண்டுடையது, டிரைவருடையது இல்லை. எழுத்தில்.
5. கலவையைக் குளிர வைக்க வேண்டும். எப்படி?

ஐந்தாவதற்குப் பக்கத்தில் கேள்விக்குறியோடு உட்கார்ந்திருந்தபோது கன்னியம்மா அக்கா. என்ன என்று கேட்டார். தண்ணீரைச் சில்லென்று ஆக்க வேண்டும் அக்கா, நிறைய என்றேன்.

"அட, இதுக்கா பேஜாரு. தட நேரத்துல எங்க கொழுந்தன் ஐஸ் கம்பெனி சும்மாதான் கீது. பெரிய போட்டு மீனு இல்ல, ஐஸ் யாருக்கு? எவ்ளோ வேணும் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பெரிய ஐஸ் ஆலையைத் தினமும் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன்.

சார் நான்காவதை இரண்டு தடவை படித்தார். "ப்ளாண்ட்காரன் ஒத்துக்க மாட்டான்." பிறகு அவரே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரம் கத்தினார். ஒத்துக்கொண்டார்களாம்.

மே 19, திங்கள்

ஐஸைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தேன். வந்த பதில்: உப்பு அதிகம். போர் தண்ணீர். மீனுக்குச் சரி, கான்கிரீட்டுக்கு ஆகாது, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

அக்காவிடம் சொல்லத் தயக்கம். கொழுந்தன் கோபப்படுவார் என்று பயம். அவர் சொன்னது: "எந்தத் தண்ணி வேணும், அத்தக் கொண்டாந்து ஊத்து. எனக்கு மிஷினு ஓடினா சரி." லாரியில் நல்ல தண்ணீர் ஏற்பாடு. புது ஐஸில் மாதிரி எடுத்து மறுபடியும் லேபுக்கு.

பால் கார்டு புதுப்பிக்க மறந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

ஏழாம் நாள். திருப்பி அனுப்பிய கலவையின் கியூப்களில் மூன்றை உடைக்கிற நாள். லேபுக்கு நானே எடுத்துப் போனேன். ரா. சாரும் வந்தார். கூப்பிடவே இல்லை, கிளம்பும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மிஷின் அழுத்த ஆரம்பித்தது. முள் ஏறியது. வர வேண்டிய பலத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் கியூப் ஓரத்திலிருந்து உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இன்னும் மோசம்.

சார் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். மணலாக உதிர்ந்தது. சட்டைப் பையில் இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது திருவொற்றியூரில் சார் ஒரு டீக்கடையில் நிறுத்தி, "அன்னிக்கு நான் உங்கள மிரட்டினேன்ல" என்றார்.

"ஆமா சார்."

"நீங்க பயந்தீங்களா?"

"ரொம்ப."

"தெரியவே இல்ல." இரண்டு டீ சொன்னார்.

மே 22, வியாழன்

புது ஐஸ் தேறியது. எ. அண்ணன் கவர் பிளாக் எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவிட்டார். நான் சொல்லவில்லை. வெயிலில் சென்ட்ரிங் பலகை விரிந்திருக்கிறதா என்றும் அவரே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடுக்குல இப்போ விரலு போவல மேடம், வேணும்னா பாரு." பார்த்தேன். போகவில்லை.

மே 25, ஞாயிறு

நாலு மணிக்கு ஸ்கூட்டி. ரோடு காலி. கடல் பக்கம் லேசான காற்று.

முதல் வண்டி 5.20. முருகேசன். கண்ணாடியை இறக்கி, "மேடம், அம்பது நிமிஷம். சொட்டுத் தண்ணி ஊத்தல. பைப்பயே கழட்டி வூட்ல வெச்சிட்டு வந்துகீறேன்" என்றார். கூம்பைத் தூக்கினேன். அமுங்கி, கெட்டியாக நின்றது. அளந்தேன். சரி. கலவையைக் கையால் தொட்டேன், குளிர்ச்சி.

"இறக்குங்க" என்றேன். மேலே யாரோ விசில் அடித்தார்கள்.

இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் நேரத்துக்குள். ஐந்தாவது வந்தபோது மணி எட்டரை. கம்பெனி முதலாளியின் மருமகன் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை, பார்வையிட. நான் கூம்பை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"நாலு வண்டி பாத்தாச்சே. இன்னும் ரெண்டுதான? நேரா பம்ப்ல விடுங்க, வெயில் ஏறுது."

நான் நிமிர்வதற்குள் ரா. சார் குரல். "அவங்க கையெழுத்து இல்லாம இங்க ஒரு வண்டியும் இறங்காது சார். அது எங்க ப்ராஜெக்ட் முறை." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அந்த உதிர்ந்த துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "அன்னிக்குப் பாக்காம இறக்கியிருந்தா கூரை இப்படித்தான் வந்திருக்கும்."

வெள்ளைச் சட்டை அதைக் கீழே போட்டுவிட்டு நிழலுக்கு நகர்ந்தார். சட்டையில் தூசு பட்டதுதான் மிச்சம்.

நான் குனிந்தே இருந்தேன். கூம்பின் மேல்விளிம்பை ஒன்றுக்கு இரண்டு தடவை வழித்தேன். கண்ணில் வியர்வையா என்னவோ.

10.15 கடைசி வண்டி. முடிந்தது. எனக்கும் முருகேசனுக்கும் சேர்த்து எ. அண்ணன் இட்லி வாங்கி வைத்திருந்தார். எத்தனை தின்றேன் என்று எண்ணவில்லை.

மே 28, புதன்

கூரை மேல் பாத்தி கட்டித் தண்ணீர். ஈரச் சாக்கு. இரண்டு வேளையும் நானே ஏறிப் பார்க்கிறேன். அங்கிருந்து நெட்டுக்குப்பம் பக்கம் முகத்துவாரம் தெரியும். படகுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா: "உன் கூரைக்கு ஊத்துற தண்ணியில பாதி செடிக்கு ஊத்து." துளசி வாடியிருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

ஏழாம் நாள் கியூப். ஆறு வண்டிக்கும் தனித்தனியாக. எல்லாம் தேறியது. ஒன்றுகூடக் கீழே இல்லை. சார் லேப் தாளைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார், முருகேசனுக்கும். திருவொற்றியூரில் அடுத்து வரும் பாலம் வேலைக்கு அட்டவணை போடும் முதல் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் எழுதி முடித்த பிறகு சரிபார்க்க இல்லை. எழுதும்போதே.

அம்மாவிடம் சொன்னேன். "அப்போ முன்னாடி கூப்பிடாமயா இருந்தான்?" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். நல்லது.

முட்டுக் கால் எடுக்கிற நாள். எ. அண்ணன் ஒவ்வொன்றாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. பலகைகள் சத்தமில்லாமல் கழன்றன. கடைசிப் பலகை வந்ததும் எல்லாரும் அண்ணாந்து நின்றோம். சார், எ. அண்ணன், கம்பி கட்டியவர்கள், சித்தாள் அக்காக்கள். ஓட்டை இல்லை, கம்பி எட்டிப் பார்க்கவில்லை, ஒரு கசிவுத் தடம்கூட இல்லை. பலகையின் மரவரி மட்டும் அச்சாக. 

கன்னியம்மா அக்கா கூடையோடு உள்ளே வந்தார். அவரும் அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தேடினார்.

"இன்னாத்த எல்லாரும் பாத்துக்கினு நிக்கிறீங்க? மேல ஒண்ணுமே இல்லியே."

"அதான்கா" என்றார் எ. அண்ணன். "ஒண்ணுமே இல்ல பாரு."