மூன்றாம் ஓலை

12 ஜனவரி 1941, ஞாயிறு

திருக்குடும்பத் திருநாள். சாமியார் மெய்விவாகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைத்தார். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் என்று இருக்கிற வீட்டில்தான் சர்வேசுரன் மனம் குளிர்ந்து தங்குகிறாராம். பெண்கள் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த என் மேல் பார்வை விழக்கூடாதென்று, பாவம், தூண்களையே பார்த்துப் பேசினார். நல்ல மனுஷர். இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

நாற்பத்து நாலு வயதில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையாகத் தனி வீட்டில் இருப்பவளை எதில் சேர்ப்பது? கன்னியாஸ்திரீயில்லை. விதவையில்லை.

உபதேசியார் சவரிராயன் பிரசங்கம் முடியும்வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். வெளியே அவர், இவர். இந்த நோட்டில் மட்டும் 'அவன்'.

22 ஜனவரி

பரீட்சைத் தாள்கள். தலைவலி. யாரோடும் பேசவில்லை.

5 பிப்ரவரி, புதன்

கோவில் மணியடிக்கிற கோவில்பிள்ளையின் மனைவி சூசையம்மாள் பால் கொண்டு வந்தாள். செய்தியும் கொண்டு வந்தாள். "தெரியுமா டீச்சரம்மா, உபதேசியார் மக ஞானப்பூவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நம்ம வண்டிக்கார மிக்கேல் மவன் குழந்தைசாமி. பட்டாளத்துல லாரி ஓட்டுறானுல்ல, லீவுல வந்திருக்கான். விபூதிப் புதனுக்கு முந்தியே முடிச்சிரணும்னு ஒரே பறப்பு."

பறக்கத்தான் வேண்டும். விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம், பாஸ்கா முடியும்வரை கல்யாணம் கிடையாது. அவன் லீவு மார்ச்சு பிறந்ததும் முடிகிறது. பிறகு கப்பல். மலாய்க்கு என்று பேச்சு.

இரண்டு பிள்ளைகளுமே என்னிடம் ஞானோபதேசம் படித்தவர்கள். நன்றாக இருக்கட்டும் என்றுதான் சூசையம்மாளிடம் சொன்னேன். அப்போது மனதிலும் அதுதான் இருந்ததா? தெரியவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். "சவரிராயன் மகள் ஞானப்பூவும் மிக்கேல் மகன் குழந்தைசாமியும் விவாகம் செய்ய இருக்கிறார்கள். விக்கினம் அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடவார்கள். அறிந்தும் மறைப்பவர்கள் பாவத்துக்கு உள்ளாவார்கள்." இப்படி மூன்று ஞாயிறு. மூன்றிலும் எவரும் வாய் திறக்காவிட்டால் தாலி.

எனக்கு இரண்டு வாசித்தார்கள்.

1920, ஆவணி மாதம். மதராஸில் பி.ஏ. முடித்து வந்திருந்தேன். மாப்பிள்ளை சவரிராயன். மூன்றாம் ஞாயிறு புது முக்காடு போட்டு, என் பெயர் வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டு இதே கோவிலில் உட்கார்ந்திருந்தேன். வேறு இரண்டு ஜோடிகளை வாசித்தார்கள். ஓலையை மடித்தார்கள். பிரசங்கம் தொடங்கிவிட்டது. சனிக்கிழமையே அவன் பழைய சாமியாரிடம் போய், "படிச்ச பொண்ணு, குடும்பத்துக்கு அடங்காது, வேண்டாம்" என்று நிறுத்தியிருக்கிறான். என் அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. நான் கோவிலில் உட்கார்ந்து, காதால் கேட்காமல், தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் 'ஓலை நின்னவ'. பெண் கேட்டு வந்தவர்கள் ஊருக்குள் விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறினார்கள். அடுத்த தையில் அவன் மதலேனாளைக் கட்டிக்கொண்டான்.

இருபது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. தினமும் "தோத்திரம் டீச்சரம்மா" மட்டும்.

11 பிப்ரவரி, செவ்வாய்

இன்று எழுதாமல் படுக்க முடியாது.

ஐந்தாம் வகுப்புக்கு ஞானோபதேசம். இன்றைய பாடம் விவாக விக்கினங்கள். ஒரு பெண் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: இரத்த உறவு, சம்பந்த உறவு, ஞான உறவு... "ஞான உறவென்றால்?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "ஞானஸ்நானம் கொடுத்தவரும் பெற்றுக்கொண்டவரும் தங்களுக்குள் விவாகம் செய்யலாகாது, டீச்சர்." "உட்கார்" என்றேன். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

1922. ஆவூர்த் தேர் பார்த்துத் திரும்புகிற வழி. மதலேனாள் நிறைமாதம்கூட இல்லை, எட்டுதான். அவன் போகாதே என்று சொல்லியும் வந்திருந்தாள். மிக்கேல் வண்டியில் இடம் இருக்கிறது, "ஏறுங்கக்கா" என்று என்னையும் கூப்பிட்டாள். அவளுக்கு நான் யாரென்று தெரியாமலில்லை. தெரிந்தே கூப்பிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. விராலிமலைப் பாதையில் பொட்டல் வெளியில் வலி எடுத்துவிட்டது. மிக்கேல் பெண்களைக் கூட்டிவர அடுத்த ஊருக்கு ஓடினான். வண்டியில் அவள், நான், மிக்கேலுடைய ஒன்பது வயதுப் பையன்.

குழந்தை நீலமாகப் பிறந்தது. மூச்சில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் ரத்தம். "ஞானஸ்நானமில்லாமப் போயிருமே அக்கா" என்று மதலேனாள் அலறினாள். பையனைப் பார்த்து, "நான் சொல்லிக் கொடுத்தேனில்ல, ஊத்துடா, சொல்லிக்கிட்டே ஊத்து" என்றேன். செம்புத் தண்ணீரை ஊற்றிப் பிதா சுதன் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். நான் கருத்தாகக் கற்றுக்கொடுத்திருந்தேன். அடுத்த தட்டில் குழந்தை அழுதது.

"இவ்வளவு தூரம் போச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாம்க்கா, கொன்னுபோடுவாரு" என்றாள். சரியென்றேன். எட்டாம் நாள் கோவிலில் எல்லாப் பிள்ளைகளையும்போல ஞானப்பூவுக்கும் ஞானஸ்நானம் ஆனது. ஆனால் ஆபத்தில் யார் ஊற்றினாலும் செல்லும்; மெய்யான ஞானஸ்நானம் குழந்தைசாமி ஊற்றினதுதான். மதலேனாள் செத்து நாலு வருஷமாகிறது. குழந்தைசாமிக்கு அன்று நடந்தது ஞாபகமிருக்கும், அது விக்கினமென்று தெரியாது.

உபதேசியார்! எத்தனை வீட்டுக் கல்யாணத்தில் உறவுமுறை துருவித் துருவிக் கேட்டிருப்பான். சொந்த வீட்டு விக்கினம் அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்.

13 பிப்ரவரி

இன்றே சாமியாரிடம் சொல்லலாம். சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாருக்கு எழுதினால் பத்து நாளில் விக்கினத்தை நீக்கி உத்தரவு வந்துவிடும். இது கடினமான விக்கினமில்லை. சொன்னால் கல்யாணம் நடக்கும்.

அதனால்தான் சொல்லவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டாம் ஓலை. பூசை முடிந்து கோவில் வாசலில் என்னை மறித்துக்கொண்டான். வாய் நிறைய வெற்றிலை, முகம் நிறைய சம்பந்திக் களை.

"டீச்சரம்மா, தாயில்லாப் புள்ள. நீங்கதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும். ஞாயித்துக்கிழமையே இங்கிட்டு வந்துருங்க. ஒங்களுக்குத்தான் புருஷன் புள்ளைன்னு ஒரு இழுபறியும் கெடையாதே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. அதுதான் தாங்கவில்லை. என்னை இப்படி ஆக்கினவனே, ஆனதைச் சௌகரியம் என்கிறான்!

"கண்டிப்பா முன்னால நிக்கிறேன் உபதேசியாரே" என்றேன்.

ஞானப்பூ அப்பனுக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள். அவளை நான் பார்க்கவில்லை. பார்த்தால் என்னால் முடியாது.

19 பிப்ரவரி

மேற்றிராணியார் உறுதிபூசுதலுக்காகத் தெற்கே ஊர் ஊராகச் சுற்றுகிறாராம். திரும்ப மார்ச்சு நடுவாகும்; அதுவரை உத்தரவு கிடையாது. இதற்கு மேல் என்ன வேண்டும்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. எதைச் சொல்வது? இன்னும் ஒன்றும் செய்யவில்லையே.

23 பிப்ரவரி, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசித்தாயிற்று. எவரும் வாய் திறக்கவில்லை. அவன் வீட்டில் பந்தல் போட்டு, அண்டாக்கள் இறக்கி, விருந்தாளிகள் வந்து நிறைந்துவிட்டார்கள். நாளைக் காலைப் பூசையில் தாலி.

மூன்று மணிக்குச் சாமியார் பங்களாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முதல் ஓலைக்கே ஏன் சொல்லலை?"

"இப்பத்தான் ஞாபகம் வந்தது சாமி."

நம்பவில்லை. ஆனாலும் குழந்தைசாமியைத் தனியே அழைத்துக் கேட்டார். பக்கத்து அறையிலிருந்து எனக்குக் கேட்டது: "ஆமா சாமி, ஊத்துனேன். அதுக்கென்ன?" வாய் திறக்கக்கூடாதென்று சத்தியம் வாங்கி அவனை அனுப்பினார். பிறகு தடித்த லத்தீன் புத்தகமொன்றை எடுத்துப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் தெளிந்தது. நான் தேடி வந்தது அந்தத் தெளிவையல்ல.

"பயப்படாதீங்க டீச்சர். எல்லாம் தயாரா இருந்து, மேற்றிராணியாரும் எட்டாத தூரத்தில் இருந்தா, ரகசியமான விக்கினத்தை நானே தீர்த்துவைக்கலாம். ரகசியமா இருக்கிற வரைக்கும்தான் எனக்கு அதிகாரம். ஊருக்குத் தெரிஞ்சா என் கையில் இல்லை. உங்களை நம்பறேன்."

நம்புகிறாராம்.

பங்களாவிலிருந்து என் வீட்டுக்கு இரண்டு வழி. பள்ளிக்கூடத்துப் பின்வழி ஒன்று, கிணற்றடி வழி ஒன்று. பின்வழிக்குத் திரும்பி நடக்கவும் செய்தேன். வேப்பமரம்வரை போனேன். பந்தலிலிருந்து அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிக் கிணற்றடிக்கு வந்தேன். சூசையம்மாள் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"சூசையம்மா, ஒரு சங்கதி. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

விளக்கு வைப்பதற்குள் பந்தலில் சத்தம் அடங்கிவிட்டது.

24 பிப்ரவரி, திங்கள்

கல்யாணம் நடக்கவில்லை. ஆக்கின சோற்றை ஏழைகளுக்குப் போட்டார்கள்.

பத்து மணிக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வெற்றிலை போடாத வாய் கிழவன் வாயாக இருந்தது.

"ஏன் டீச்சரம்மா? எம் புள்ள ஒங்களுக்கு என்ன செஞ்சா?"

இருபது வருஷமாக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "எனக்கும் மூணாவது ஓலையில நின்னது, உபதேசியாரே."

அவன் முகத்தில் எதை எதிர்பார்த்தேன்? பயம், வெட்கம், ஏதாவது. அவன் யோசித்தான். மெய்யாகவே யோசித்தான்! யாரோ அடுத்த வீட்டுச் சங்கதியை நினைவுக்குக் கொண்டுவருகிறவன்போல.

"அடடே... அதையா? அதையெல்லாமா இன்னும் வச்சிருக்கீக?"

போய்விட்டான். நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவி. மறந்தே போயிருக்கிறான். நான் ஒருத்தியே இரண்டு பேருக்கும் சேர்த்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவனை அடித்தேன், அது எதற்கென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அப்படியானால் வலித்தது யாருக்கு?

வலிக்கட்டும். யாருக்காவது வலிக்கட்டும்.

26 பிப்ரவரி

விபூதிப் புதன். சாமியார் என் நெற்றியில் சாம்பல் வைக்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை தூணையும் பார்க்கவில்லை.

2 மார்ச்சு, ஞாயிறு

குழந்தைசாமி இன்று போகிறான். பஸ்ஸுக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தான், காக்கி உடுப்போடு. திட்டுவான் என்று தயாராக நின்றேன்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க?"

"ஆமா."

"நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே."

"அப்ப சரி. வாரேன் டீச்சர்." காலைச் சேர்த்து சலாம் வைத்துவிட்டுப் போனான். படுபாவி, திட்டியிருக்கலாம்.

20 ஏப்ரல்

மேற்றிராணியார் உத்தரவு வந்துவிட்டது. இனி அவர்கள் தாராளமாக விவாகம் செய்துகொள்ளலாம். பெண் இங்கே, மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம்.

14 ஜூலை

குழந்தைசாமி சிங்கப்பூரில் இறங்கிவிட்டதாகக் கார்டு வந்ததாம். ஞானப்பூவுக்கு வேறு இடம் பார்க்கலாமென்று அப்பன் சொன்னானாம். "அவுக வரட்டும்" என்றாளாம். சூசையம்மாள் இப்போதெல்லாம் பாலை வாசலிலேயே வைத்துவிட்டு, இதையும் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போகிறாள்.

மதலேனாளுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னேன். சாமியார் சரி என்றார்.

11 டிசம்பர்

ஜப்பான் சண்டையில் இறங்கிவிட்டது. பங்கில் இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிறவள் நான் மட்டும்தான். சாயங்காலம் ஞானப்பூ வந்து வாசலில் நின்றாள். பிப்ரவரிக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்ததில்லை.

"மலாய்ச் செய்தி வந்திருந்தா வாசிங்க."

தமிழாக்கி வாசித்தேன். முடிந்ததும் போய்விட்டாள். தோத்திரம் சொல்லவில்லை.

30 டிசம்பர்

தினமும் வருகிறாள். உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. நின்றே கேட்கிறாள். மதலேனாளின் நெற்றி. அந்த முதுகில்தான் தட்டினேன்.

17 பிப்ரவரி 1942, செவ்வாய்

பேப்பர் மத்தியானப் பஸ்ஸில் வந்தது. தலைப்பைப் பார்த்துவிட்டு மடித்து மேசைமேல் வைத்தேன். சிங்கப்பூர் விழுந்துவிட்டது. பட்டாளம் முழுதும் சரணடைந்துவிட்டது. யார் உயிரோடு, யார் இல்லை, ஒன்றும் போடவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள்.

"இன்னிக்குப் பேப்பர் வரலைம்மா" என்றேன்.

அவள் மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, வரத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"வாசிங்க டீச்சர். இதையாச்சும் நேரத்துக்குச் சொல்லுங்க."

வாசித்தேன்.