ஓர் ஆளுக்கு ஓர் ஆப்பிள்

தேரா, துபாய், நவம்பர் 2005

அம்மாவுக்கு பானு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நலம். அவருக்கு சவூதியில், யான்புவில் வேலை நீண்டுகொண்டே போகிறது.

இந்த ஃப்ளாட்டில் முன்பு இருந்தவர் ஓவனுக்குள் சின்னக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை விட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை அதில் லெபனான் ஆப்பிள் ஒன்றை நறுக்கிப்போட்டு, பட்டைத்தூள் தூவி, வெண்ணெயும் சர்க்கரையும் பிசிறிய மாவைப் பரப்பிச் சுட்டேன். ஓர் ஆளுக்குத்தான் வரும்.

எதிர்வீட்டு வசந்தகுமாரி மாமி கதவைத் தட்டினார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"வாசனை வந்ததும் மேரி அக்காதான்னு வந்துட்டேன்மா. வெள்ளிக்கிழமைன்னா இதைத்தான் செய்வாங்க. போன வருஷம் இந்த வீட்லயே தவறிட்டாங்க."

உள்ளே வராமலே போய்விட்டார்.

பயப்படாதே அம்மா. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் பட்டை மட்டும் கொடுத்தனுப்பு. வருகிற வெள்ளிக்கிழமையும் செய்யப்போகிறேன். ஏழு மாதத்தில் இந்தக் கதவைத் தட்டிய முதல் ஆள் அவர்தான்.

பானு