மேல் வரியும் கீழ் வரியும்

1986 ஏப்ரல் 12, சனி

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி எனக்கு வந்ததல்ல. வெலிங்டன் தீவில் அப்பா வெளுக்கத் துணி எடுக்கும் ஒரு வீட்டில் புது வருஷத்துக்கு அவருக்குக் கொடுத்தது. மூன்று மாதம் இஸ்திரித் துணிகளுக்கு அடியில் கிடந்தது. “பி.எஸ்ஸி. படிச்சவ நீதான, நீ எழுது” என்று நேற்று என் கையில் தந்துவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் டைரி எழுதியதில்லை. எழுதும் அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. ஆனாலும் வெறும் பக்கங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இன்று நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குக் காது கேளாத பிள்ளைகள் வந்தார்கள். கோடை விடுமுறைக்குப் பள்ளி அடைத்த பிறகும், அதை நடத்தும் கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் அவர்களைச் சனிக்கிழமை தோறும் அழைத்து வருகிறார்கள். என் தங்கை மாயாவும் அவர்களில் ஒருத்தி. கம்ப்யூட்டரின் சாவியை அழுத்தினால் அதோடு இணைத்த டி.வி.யில் மலையாள எழுத்து வரும். எழுத்து சேர்ந்து வார்த்தையாகும். இங்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வெங்கிட்டு சார் எழுதிய புரோகிராம் அது. அவர் போன வருஷம் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அது எப்படி வேலை செய்கிறது என்று இப்போது இங்கே யாருக்கும் தெரியாது. நான் தூசி தட்டுகிறேன், புரோகிராம் இருக்கும் கேசட்டைப் போடுகிறேன். மாயா ரப்பர் சாவிகளைத் தொடும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இடம் கிடைக்கிறது. அது போதும்.

ஏப்ரல் 15

விஷு முடிந்த மறுநாள் இப்படி ஒரு பேச்சு வரும் என்று நினைக்கவில்லை. மாயாவைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில், விடுதியில் சேர்க்கப்போகிறார் அப்பா. ஜூனில். அங்கே தமிழில் எழுதப் படிக்கச் சொல்லித்தருவார்களாம்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பதினொரு வயசுப் பிள்ளையை எப்படி விடுவது என்று மட்டும் கேட்டாள். அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அவ எழுதுறது எனக்குக் கொக்கி கொக்கியாத் தெரியுது, அங்கம்மா. நான் எழுதுறது அவளுக்குத் தெரியல. பெத்த பிள்ளைட்ட சோறு, தண்ணி, குளி, இத்தன தான் கையால சொல்லத் தெரியும் எனக்கு.”

நான் படித்துச் சொல்கிறேனே என்றேன்.

“எத்தன நாளு நடுவுல நிப்ப? ஒனக்கும் ஒரு வீடு வரும்.”

அவர் சொல்வது பொய்யில்லை. மாயா எழுதுவது மலையாளம், பள்ளியில் அதுதான். அப்பாவுக்கு மலையாளம் பேசினால் எல்லாம் புரியும். முப்பது வருஷமாக இந்த ஊர் வீடுகளின் வாசலில் நின்று பேசுகிறவர். படிக்கத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். எனக்கு அதைத் துணி கட்டி வரும் பழைய பேப்பரில் விரல் வைத்துச் சொல்லித்தந்தார். மாயாவுக்கும் சொல்லித்தரப் பார்த்தார். ‘அ’ என்று வாயைத் திறந்தார். அவள் அவர் பல்லைப் பார்த்தாள். நானும் ஸ்லேட்டில் முயன்றேன். தெரிந்த எழுத்து இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அவள் துடைத்துவிட்டாள்.

மாயாவிடம் இதை நீ எழுதிக் காட்டாதே, நானே சொல்வேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எப்படிச் சொல்வார்?

ஏப்ரல் 22

சென்டருக்குக் கீழே கேசட் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் இக்கா ஒரு கேசட்டைக் கொண்டு வந்து மேஜையில் போட்டார். துபாயிலிருந்து அவர் தம்பி அனுப்பிய கம்ப்யூட்டர் விளையாட்டுக் கேசட்டுகளில் ஒன்று. வாங்கியவன் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

“வெடியும் இல்ல, வண்டியும் இல்ல மோளே. முழுக்க நம்பர். நீ கணக்குப் படிச்சதல்லே, வெச்சோ.”

உள்ளே மடித்த காகிதம் ஒன்று இருந்தது. டிஸ்அசெம்ப்ளர் என்று போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு முறை படித்தேன். கம்ப்யூட்டருக்குள் இருப்பது வெறும் எண்கள். இந்தப் புரோகிராம் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது என்ன கட்டளை என்று எழுதிக் காட்டுமாம். கூட்டு என்றால் கம்ப்யூட்டர் கூட்டும், அந்த இடத்துக்குத் தாவு என்றால் தாவும். ஒரு இடத்துக்கு நாமே பெயர் வைக்கலாம்.

அதாவது, வெங்கிட்டு சாரின் புரோகிராமைத் திறந்து பார்க்கலாம்.

ஒரு எண்ணம் வந்தது. எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் –

இப்போது எழுதமாட்டேன். நடக்காவிட்டால் வெட்கம்.

ஏப்ரல் 24

கேசட் ஏறவில்லை. டி.வி.யின் ஓரத்தில் கோடுகள் ஓடுகின்றன, பாதியில் நின்றுவிடுகிறது. காலை முழுவதும் இதே. கடைசியில் இஸ்மாயில் இக்கா தானாகவே மாடி ஏறி வந்தார். கீழே கடையில் பாட்டுக்கு நடுவே எங்கள் டேப்பின் கீச்சொலி கேட்டுக்கொண்டே இருந்ததாம், தலை வலித்ததாம். சின்ன ஸ்க்ரூடிரைவரால் டேப் ரிக்கார்டரில் டேப்பைத் தொட்டு வாசிக்கும் தலையை இத்தனூண்டு திருப்பினார். கீச்சொலி கூர்மையானது. “இப்ப சுருதி சேர்ந்நு” என்றார். ஏறிவிட்டது.

நன்றி சொல்ல வாய் வரவில்லை. சாயா வாங்கிக் கொடுத்தேன். அவர் சாயாவைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 26

ஐயோ. கெடுத்துவிட்டேன்.

ஏறியதும் டிஸ்அசெம்ப்ளர் முதலில் கேட்பது, என்னை எங்கே வைக்கட்டும் என்று. காகிதத்தில் உதாரணமாக ஒரு இடம் கொடுத்திருந்தது, மெமரியின் மேல்கோடியில். அதையே கொடுத்தேன். பிறகு வெங்கிட்டு சாரின் புரோகிராமுக்குத் திரும்பினால் பாதி எழுத்துகள் இல்லை! அ, ஆ சரியாக வருகின்றன. ககரத்துக்குப் பிறகு எல்லாம் புள்ளிப்புள்ளியாக, மழையில் நனைந்த பேப்பர் மாதிரி. அந்த நேரம் பார்த்து பிள்ளைகள் வந்தார்கள். மாயா தன் பெயரை அடித்தாள். கிடைத்ததெல்லாம் பொடி. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சென்டர் நடத்தும் லக்ஷ்மிநாராயணன் சார் பின்னால் நின்றிருந்தார்.

“எதுக்காக்கும் இப்படி வெறச்சுப் போறாய்? அணைச்சுட்டுக் கேசட்டை மறுபடி ஏத்தினாப் போறது. கேசட்டில இருக்கிறதை நீ நெனச்சாலும் கெடுக்க முடியாது.” பிறகு, “ஞாயித்துக்கிழமை சென்டர் சாவி நீயே வெச்சுக்கோ. ஆள் இல்லாதப்போ தைரியமாக் கெடு” என்றார்.

சாவி இப்போது என் தலையணைக்கு அடியில்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கெட்டதில்தான் இருந்தது விடை. எனக்கு ஏன் நேற்றே தோன்றவில்லை?

எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் யார் எங்கே படுப்பது என்றுதான் முதலில் பார்ப்போம். இருப்பது ஒரு அறை. நான் இந்த விருந்தாளியை, பார்க்காமல் யார் மேலோ படுக்க வைத்துவிட்டேன். நசுங்கியது எழுத்துகள். அப்படியானால் எழுத்துகள் படுத்திருப்பது அந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி ஏற்றி, டிஸ்அசெம்ப்ளரைக் கீழே காலியாக இருந்த இடத்தில் வைத்தேன். மேல்கோடியைப் பார் என்றேன். அது எழுத்துகளையும் கட்டளை என்று நினைத்து வாசித்தது. கூட்டு, நிறுத்து, திரும்பிப் போ, மறுபடி நிறுத்து என்று உளறல். காகிதத்தைப் பார்த்தேன். ‘இது கட்டளை அல்ல’ என்று சொல்ல ஒரு சாவி இருக்கிறது. அழுத்தினேன். உளறல் நின்றது. எட்டு எட்டு எண்ணாக வரிசை. ஒரு எண் ஒரு புள்ளி வரி, ஒரு எழுத்துக்கு எட்டு வரி.

அந்த இடத்துக்கு MAYA என்று பெயர் வைத்தேன்.

மே 3

அம்மா அழுக்கு மூட்டையைப் பிரித்ததும் காலரின் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். சேராங்கொட்டை மையில் ஒரு கோடு, இரண்டு புள்ளி. “இது டாக்டர் வீடு, இது சர்ச்சுக்குப் பக்கத்து வீடு” என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போவாள். சின்ன வயதில் அது ஏதோ வித்தை என்று நினைத்திருந்தேன். இந்த வாரம் நானும் டிஸ்அசெம்ப்ளர் காட்டும் கட்டளைகளின் முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் ஒன்றுமே பிடிபடவில்லை. இப்போது சில குறிகள் பார்த்ததும் தெரிகின்றன.

இன்று பிடிபட்டது இது. புரோகிராம், அழுத்திய சாவியின் எண்ணை எடுக்கிறது. அதைத் தன்னோடு தானே கூட்டுகிறது, வந்ததை மறுபடி, வந்ததை மறுபடி. ஏன் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று இரண்டாகி, நாலாகி, எட்டாகிறது. எழுத்துக்கு எட்டு வரி! பெருக்கத் தெரியாத மெஷினைக் கூட்டிக் கூட்டிப் பெருக்க வைத்திருக்கிறார் வெங்கிட்டு சார். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை நான். இன்றைக்குப் பேசியது போல இருந்தது.

இனி எழுதலாம். நான் செய்ய நினைப்பது: அதே சாவி, அதே எண். ஆனால் இரண்டு முறை வரைய வேண்டும். மேல் வரியில் மலையாள எழுத்து. கீழ் வரியில் அதே ஒலிக்குத் தமிழ் எழுத்து. மாயா தனக்குத் தெரிந்ததை எழுதுவாள். அப்பா தனக்குத் தெரிந்ததைப் படிப்பார். வார்த்தை மலையாளமாக இருந்தால் என்ன, அது அவருக்குப் புரியுமே.

மே 9

தமிழ் எழுத்தை எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் அடக்க வேண்டும். அப்பாவின் கட்டம் போட்ட லுங்கியைத் தரையில் விரித்தேன். அம்மா உதிர்ந்த பட்டன்களைச் சேர்த்து வைக்கும் டப்பாவை எடுத்துத் தந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கட்டத்துக்கு ஒரு பட்டன் என்று வைத்து வைத்துப் பார்த்தோம், நானும் மாயாவும். அவளுக்கு இது எதற்கென்று தெரியாது. ஆனால் என் ‘ழ’வின் வால் சரியில்லை என்று இரண்டு பட்டனை நகர்த்தினாள். அவள் வைத்ததுதான் அழகு.

‘ண’ அடங்கவே இல்லை. அதற்கு மட்டும் இரண்டு எழுத்தின் இடம் கொடுத்தேன். மலையாளத்தில் நாலு ககரம். நாலு சாவிக்கும் ஒரே ‘க’தான் போட்டிருக்கிறேன். அப்பா சமாளித்துக்கொள்வார்.

மே 14

அப்பா விடுதிக்கென்று தகரப் பெட்டி வாங்கி வந்தார். பச்சை. பூட்டு வைத்தது. மாயா அதன் மேல் ஏறி உட்கார்ந்து முறுக்கு தின்றாள்.

மே 20

வந்துவிட்டது. கீழ் வரி வந்துவிட்டது.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. இஸ்மாயில் இக்காவின் ஸ்க்ரூடிரைவர். சாரின் சாவி. வெங்கிட்டு சாரின் எட்டு. அம்மாவின் பட்டன் டப்பா. இவர்களில் யாரிடமும் நான் எதுவும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாதவளுக்கு எல்லாம் தானாக வந்தது.

மே 23

அப்பாவை ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு வரச் சொன்னேன். சார் வீட்டுத் துணியைப் பின்வாசலில் கொடுத்துப் பழகியவர், அவருடைய சென்டருக்கு முன்படி ஏறி வருவதா என்று கூச்சப்பட்டார். “நான் வந்து என்ன செய்ய, பிள்ளே?” என்றார். மாயா கூப்பிடுகிறாள் என்றேன். அது உண்மைதான். லுங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மே 25, ஞாயிறு

அப்பா வந்தார். இன்று எழுத வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து மழை. அப்பா பச்சைப் பெட்டியைச் சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு வெலிங்டன் தீவுக்குப் போயிருக்கிறார். வெளுத்த துணி நனையாமல் போய்ச் சேர இதைவிட நல்ல பெட்டி இல்லை என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். மாயா சிஸ்டர்களின் பள்ளியில் ஆறாவது. பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மாயாவும் முன்படி ஏறி வருகிறார்கள். மேல் வரியில் நாலைந்து கொக்கிகள் அவருக்கும் பிடிபடுகின்றன. அவளும் இஸ்திரி மேஜையில் தண்ணீர் தொட்டு ‘ழ’ எழுதுகிறாள். நேற்று அப்பா தன் கையாலேயே பழைய பேப்பரில் அவள் பெயரை எழுதிக் காட்டினார். படித்துவிட்டாள்.

மே 25-ஐ எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது எழுத முடியும்.

அப்பா செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார். சார் நாற்காலி போட்டார். அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார். மாயாவுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, கீழ் வரி அப்பாவுக்கு என்று கையால் காட்டியதைத் தவிர. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடித்தாள். அப்பா குனிந்து, பேப்பர் படிப்பது போல ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தார்.

“அப்பா... ஷர்ட்டில்... பட்டன் இல்ல.”

தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். இல்லை. ஊர்ச் சட்டைக்கெல்லாம் பட்டன் தைக்கிறவர். “ஏட்டி, ஒனக்குக் கண்ணு எத்தன?” என்று அவள் தலையில் தட்டினார். சாரும் சிரித்துவிட்டார். மாயாவுக்கு யாரும் சிரித்தது கேட்டிருக்காது. ஆனால் தான் எழுதியதை அப்பா தானே படித்தார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டாவதை அடித்தாள்.

“பெட்டி... ஆர்க்கா.”

பெட்டி யாருக்கு.

அப்பா மறுபடி படித்தார். இந்த முறை சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மாயா அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் ஜன்னல் பக்கம் போய்விட்டார். நானே சொல்வேன் என்றவர் அப்பா. சொல்ல வழி இப்போது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ‘நினக்கு’, உனக்கு, என்று எழுத ‘ந’ வேண்டும். சாவிகளின் மேல் நான் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துத் துண்டுகளில் தேடி அந்தச் சாவியைக் கண்டுபிடித்தார். விரலை அதன் மேல் வைத்தார். விரல் அங்கேயே நின்றது. அழுத்தவில்லை.

என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பா என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஏப்ரலிலிருந்து என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த டைரியில்கூட எழுதவில்லை. எழுதினால் கேட்டது போல ஆகிவிடும் என்று பயம். வாயால் சொல்ல அன்றும் எனக்கு வரவில்லை. அப்பாவின் கையை மெதுவாக நகர்த்திவிட்டு, மாயாவின் கேள்விக்குக் கீழே அடித்தேன். மேல் வரியை மாயா படித்தாள். கீழ் வரியை அப்பா படித்தார்.

மாயா இவிடெ நிக்கட்டே, அப்பா.